மூச்சடைத்த இயந்திரங்கள்



செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லாரி ஒன்று, நேற்றுவரை ஏறிய அதே மேட்டில் இன்று ஏறத் தயங்குகிறது. இயந்திரம் ஓடுகிறது. ஓசையில் பெரிய மாறுதல் இல்லை. எண்ணெய் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ஆனால் இழுவை இல்லை. ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகர்ந்து நகர்ந்துதான் போகிறது. ‘டர்போ போய்விட்டது’ என்கிறார் ஒருவர். பட்டறைக்காரரும் ஆமென்று தலையசைக்கிறார். பழைய டர்போவைக் கழற்றிப் புதியதைப் பூட்டுகிறார்கள். ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணம் ஒரே நாளில் கரைந்து போகிறது. மறுநாள் வண்டி அதே மேட்டில் மறுபடியும் தயங்குகிறது.

இதில் யாரும் ஏமாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடாமல், பெயர் தெரிந்த பொருளின் மீது பழியைப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். டர்போவின் வரலாறு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அந்த வரலாறு நெடுகிலும், காரணம் தெரியாமல் வலுவிழந்த இயந்திரங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றுள் சிலவற்றை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில், டர்போ என்பது என்ன?

அடுப்பை எண்ணிப் பாருங்கள். விறகு எவ்வளவு இருந்தாலும் காற்று போதாவிட்டால் புகைதான் வரும். ஊதுகுழலை எடுத்து ஊதினால் தீ எழும்பும். இயந்திரமும் அப்படித்தான். எரிபொருளைக் கூடுதலாகக் கொடுப்பது எளிது. அதற்கேற்ற காற்றைக் கொடுப்பதே கடினம். டர்போ, இயந்திரத்தின் ஊதுகுழல். ஆனால் ஊதுவதற்குத் தனியாக ஓர் ஆள் வேண்டியதில்லை. எரிந்து முடிந்து வெளியேறும் புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறு நுனியில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழல்பவை.

வீணாகப் போகும் புகையை வேலை வாங்கலாம் என்ற இந்த எண்ணத்துக்கு 1905 ஆம் ஆண்டில் காப்புரிமை கேட்டவர் ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர். எண்ணம் பிறந்தவுடன் அது பலித்துவிடவில்லை. அவ்வளவு வெப்பத்தையும் வேகத்தையும் தாங்கும் உலோகம் அன்று எளிதில் கிடைக்கவில்லை. 1920களில்தான் கப்பல்களின் டீசல் இயந்திரங்களில் அது உருப்படியாகப் பயன்பட்டது.

இதற்கிடையே முதலாம் உலகப் போர் வந்தது. விமானங்கள் மேலே செல்லச் செல்ல அவற்றின் இயந்திரங்கள் சோர்ந்து போயின. வலுவிழப்பு என்ற நம் கதையின் முதல் நோயாளி இந்த விமான இயந்திரம்தான். காரணம் வெளிப்படை. உயரத்தில் காற்று மெலிந்துவிடுகிறது. கேமரன் மலைக்குப் போனவர்கள் குளிரை உணர்ந்திருப்பார்கள். அங்கே பிரிஞ்சாங் மலையுச்சியில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், காற்றின் செறிவு கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதை உடம்பு அவ்வளவாக அறியாது. இயந்திரம் அறியும்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய சான்ஃபோர்டு மாஸ் என்பவர், இதற்கு டர்போவே மருந்து என்று நம்பினார். நம்பினால் போதுமா? மெய்ப்பிக்க வேண்டாமா? பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் அளவெடுப்பது அன்று எளிதன்று. ஆகவே அவர் இயந்திரத்தை மலையுச்சிக்கே கொண்டு போய்விட்டார். 1918 ஆம் ஆண்டில், கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் சிகரத்தில், 14,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், ‘லிபர்ட்டி’ என்னும் விமான இயந்திரத்தை ஒரு லாரியில் ஏற்றிச் சென்று ஓட்டிப் பார்த்தார்கள். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் காட்டிய அந்த இயந்திரம், உச்சியில் டர்போ இல்லாமல் 230 அளவுக்கு இறங்கிவிட்டது. டர்போவைப் பூட்டியதும் பழைய வலு முழுவதும் திரும்பியது.

மாஸ் செய்ததில் நான் பெரிதும் மதிப்பது அவர் கண்ட முடிவை அன்று, அவர் தேடிய முறையை. ஒரே இயந்திரம், ஒரே இடம். ஒரு முறை டர்போ இல்லாமல், ஒரு முறை டர்போவுடன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார். இன்று ஒரே மூச்சில் நான்கு உதிரிகளை மாற்றிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்பவருக்கு, எது பழுதாக இருந்தது என்று ஒருநாளும் தெரியப் போவதில்லை.

இனி, நம் ரப்பர் தோட்டத்து நேயர்களுக்கு வியப்பூட்டும் ஒரு செய்தி.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் 500 மைல் கார்ப் பந்தயம் நடக்கும். 1952 ஆம் ஆண்டுப் பந்தயத்துக்குக் கம்மின்ஸ் என்ற டீசல் இயந்திர நிறுவனம் ஒரு காரைக் கொண்டு வந்தது. லாரிக்குரிய இனத்தைச் சேர்ந்த ஆறு சிலிண்டர் டீசல் இயந்திரம். அதற்கு ஒரு டர்போ. அந்தப் பந்தயத்துக்கு டர்போவுடன் வந்த முதல் கார் அதுதான். கார் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக, இயந்திரத்தையே பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஃபிரெட் அகபாஷியன் என்பவர் ஓட்டினார். தகுதிச் சுற்றில் மணிக்கு 138 மைல் வேகம் காட்டி, முதல் வரிசையின் முதல் இடத்தைப் பிடித்தார். பெட்ரோல் கார்க்காரர்கள் எல்லாம் வாயடைத்துப் போனார்கள்.

பந்தயம் மொத்தம் 200 சுற்று. 71 ஆவது சுற்றோடு அந்தக் கார் ஒதுங்கிவிட்டது. இயந்திரம் உடையவில்லை. டர்போவின் சக்கரம் முறியவில்லை. பின் என்ன? டர்போ காற்றை இழுக்கும் வாயைக் காரின் முன்புறத்தில் தரைக்கு அருகில் வைத்திருந்தார்கள். பந்தய ஓட்டத்தில் மற்ற கார்களின் டயர்கள் தேய்ந்து, ரப்பர்த் துணுக்குகள் பாதையெங்கும் சிதறிக் கிடக்கும். காற்றோடு சேர்த்து அவற்றையும் டர்போ உறிஞ்சிக்கொண்டது. ரப்பர் சேர்ந்து சேர்ந்து மூக்கை அடைத்துவிட்டது. உள்ளே காற்று போகவில்லை. மூச்சடைத்த இயந்திரம் வலுவிழந்தது. உலகையே வியக்க வைத்த ஒரு வண்டியைத் தோற்கடித்தது, தேய்ந்த டயரின் தூசி!

நம் லாரிகளுக்கும் இந்தக் கதை பொருந்தும். செம்மண் சாலையில் வெயில் காலத்தில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். தட்டினால் கைப்பிடி மண் விழும். டர்போ இழுக்கத்தான் செய்கிறது. இழுப்பதற்கு வழி இல்லை. டீசல் வண்டி பாரத்தோடு ஏறும்போது கரும்புகை தள்ளினால், எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்பது பெரும்பாலும் அதன் பொருள். அந்தப் புகை இயந்திரம் நமக்கு எழுதும் கடிதம். படிக்கத் தெரிந்தால் போதும்.

கதையை மேலே கொண்டு செல்வோம். 1938 ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் சாரர் நிறுவனம் லாரி இயந்திரத்துக்கு டர்போ பூட்டியிருந்தது. ஆனால் பொதுமக்கள் வாங்கும் காரில் டர்போ வந்தது 1962 ஆம் ஆண்டில்தான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இரண்டு கார்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெளிவந்தன. ஒன்று செவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர். மற்றொன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். இந்த ஜெட்ஃபயரின் கதைதான், காரணம் தெரியாத வலுவிழப்புக்கு எனக்குத் தெரிந்தவற்றுள் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

அதன் இயந்திரம் அலுமினியத்தால் ஆனது. எட்டு சிலிண்டர், 3.5 லிட்டர், 215 குதிரைத்திறன். டர்போ கொடுத்த மிகையழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அளவுதான். ஆனால் அந்த இயந்திரம் ஏற்கெனவே பெட்ரோல் கலவையை மிகவும் இறுக்கி அமுக்கும் இயல்புடையது. அதன் மேல் டர்போவும் காற்றைத் திணித்தால் என்ன ஆகும்? கலவை தாறுமாறாக வெடிக்கும். உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் ஓசை வரும். மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். விட்டுவிட்டால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

இதைத் தடுக்கப் பொறியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். காய்ச்சி வடித்த நீரும் மெத்தனால் என்னும் சாராய வகையும் சம அளவில் கலந்து, துருப்பிடிக்காமலிருக்க ஒரு மருந்தும் சேர்த்து, அந்த நீர்மத்தை ஒரு தனிக் கலத்தில் நிரப்பினார்கள். டர்போ வேலை செய்யும்போது இந்த நீர்மம் சிறிது சிறிதாகக் கலவையோடு கலந்து உட்சூட்டைத் தணிக்கும். அதற்கு ‘டர்போ ராக்கெட் திரவம்’ என்று கவர்ச்சியான பெயரும் சூட்டினார்கள். சரி, நீர்மம் தீர்ந்துவிட்டால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. ஓட்டுநருக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும். அதே நேரத்தில் காற்றுப் பாதையில் இருக்கும் ஒரு தடுப்பு, மிகையழுத்தம் ஏறாதபடி பாதையைக் குறுக்கிவிடும். இயந்திரம் பிழைத்துக்கொள்ளும், வலு மட்டும் குறைந்துவிடும்.

ஏட்டில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத ஏற்பாடு. வீதியில் நடந்தது வேறு. கார் வாங்கியவர்கள் பெட்ரோலும் எண்ணெயும் ஊற்றிப் பழகியவர்கள். மூன்றாவதாக ஒன்றையும் ஊற்றிக்கொண்டேயிருக்க வேண்டும் என்பது பலர் மனத்தில் பதியவில்லை. கலம் காலியாகும். கார் சோர்ந்துவிடும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் எங்கே என்று பட்டறைக்கு வருவார்கள். அங்கேயும் டர்போவைக் கண்டிராத மெக்கானிக்குகள். இயந்திரத்தில் ஒன்றும் உடைந்திருக்கவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பாடத்தை அது அப்படியே ஒப்புவித்துக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளில் 10,000க்குச் சற்றுக் குறைவான கார்களே செய்யப்பட்டன. 1963 உடன் உற்பத்தி நின்றது. 1965 ஆம் ஆண்டில் நிறுவனமே முன்வந்து, விரும்பியவர்களின் காரிலிருந்து டர்போவைக் கழற்றி, சாதாரணக் கார்புரேட்டரை இலவசமாகப் பூட்டிக் கொடுத்தது. அதனால் இன்று டர்போவோடு எஞ்சியிருக்கும் ஜெட்ஃபயர்கள் அரிதாகிவிட்டன.

இது இயந்திரத்தின் தோல்வியா, மனிதருக்குச் சொல்லிக் கொடுக்காததன் தோல்வியா? என்னைக் கேட்டால் பின்னதே என்பேன். ஆசிரியன் அப்படித்தான் சொல்வான் என்று நீங்கள் சிரிக்கலாம்.

1978 ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் நிறுவனம் வட அமெரிக்காவில் விற்ற 300 எஸ்டி என்ற கார், டர்போ டீசல் கார்களின் முன்னோடிகளுள் ஒன்று. ஐந்து சிலிண்டர், 3 லிட்டர். டர்போ இல்லாதபோது 80 குதிரைத்திறனுக்கு அருகில் இருந்த இயந்திரம், டர்போவால் 110 அளவுக்கு உயர்ந்தது. அழியாத இயந்திரம் என்று பேர் வாங்கியது. ஆனால் ஆண்டுகள் கழிந்தபின் அந்தக் கார்களில் ஒரு விந்தையான நோய் காணப்பட்டது. டர்போ நன்றாகச் சுழலும்; காற்றும் தள்ளும்; காரோ மாட்டு வண்டிபோல் ஊரும்.

காரணத்தைக் கேளுங்கள். காற்று கூடியிருக்கிறது என்ற செய்தி எரிபொருள் பம்புக்குத் தெரிந்தால்தானே அது கூடுதல் டீசல் கொடுக்கும்? அந்தச் செய்தியைக் கொண்டு போவது ஒரு மெல்லிய குழாய். அந்தக் குழாயை இயந்திரத்தின் காற்றுக் கூட்டோடு இணைப்பது, நடுவில் சிறு துளையுள்ள ஒரு போல்ட். புகைக்கரியும் எண்ணெய்ப் பசையும் அந்தத் துளையில் படிந்து அடைத்துவிடும். செய்தி போகாது. டர்போ இருப்பதே பம்புக்குத் தெரியாது. பழைய அளவிலேயே டீசல் கொடுத்துக்கொண்டிருக்கும். போல்ட்டைக் கழற்றி, ஒரு கம்பியை விட்டுக் குத்திச் சுத்தம் செய்தால் கார் துள்ளி ஓடும். பால் மரத்துக் காண்பியில் பால் உறைந்து வழியை மறித்துக்கொண்டால், மரத்தைக் குறை சொல்வோமா?

சுவீடன் நாட்டு சாப் நிறுவனம் இன்னொரு வகையில் முன்னேறியது. 1978 இல் விற்பனைக்கு வந்த அதன் 99 டர்போ, சிறிய டர்போவையும் ஒரு மடைக்கதவையும் கொண்டு சாதாரணச் சாலைக்கு ஏற்ற காராக விளங்கியது. மடைக்கதவு என்பது நான் இட்ட பெயர். பட்டறையில் வேஸ்ட்கேட் என்பார்கள். அழுத்தம் அளவை மிஞ்சும்போது, புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தில் படாமல் வேறு வழியில் திறந்துவிடும் கதவு அது. இந்தக் கதவு மூடாமல் சிக்கிக்கொண்டாலும் வண்டி வலுவிழக்கும் என்பதைச் சொல்லாமலே உணர்வீர்கள். 1980களின் தொடக்கத்தில் சாப் இயந்திரத்துக்கு ஒரு காதும் வைத்தது. நாக்கிங் ஓசையைக் கேட்கும் ஒரு கருவி இயந்திரத்தின் உடலில் பொருத்தப்பட்டது. ஓசை கேட்டால் மின்னணுப் பெட்டி மடைக்கதவைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும். தரம் குறைந்த பெட்ரோலை ஊற்றினாலும் இயந்திரம் கெடாது. ஆனால் வலு குறையும். அங்கேயும் பழுது என்று எதுவுமில்லை.

இன்றைய கார்களும் லாரிகளும் இந்த வழியில் வெகுதூரம் வந்துவிட்டன. எவ்வளவு காற்றழுத்தம் வேண்டும் என்று ஒரு கணினி கணக்கிடுகிறது. எவ்வளவு வந்தது என்று ஒரு உணர்கருவி சொல்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால், கணினி இயந்திரத்தின் வலுவை வேண்டுமென்றே கட்டிப் போட்டுவிடுகிறது. வீட்டுக்குப் போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் ஓட விடும். பட்டறையில் கருவியைச் செருகினால் ‘பி 0299’ என்று ஒரு குறியீடு வரக்கூடும். டர்போவின் அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்பது அதன் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்பது அதன் பொருள் அன்று! காய்ச்சல்மானி 102 என்று காட்டுகிறது. அது மலேரியாவா, டெங்கியா என்று காய்ச்சல்மானி சொல்லுமா? இந்த வேறுபாடு தெரியாததால்தான் நம்மவர் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

ஆகவே, பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், விலை குறைந்ததிலிருந்து தேடத் தொடங்கச் சொல்லுங்கள். காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி. அடுத்து, டர்போவிலிருந்து இயந்திரத்துக்குக் காற்றைக் கொண்டு போகும் ரப்பர்க் குழாய்கள். அவற்றின் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்குக் கோடாகப் படிந்திருந்தால், அங்கே காற்று கசிகிறதா என்று ஐயுற வேண்டும். வண்டி பாரத்தோடு ஏறும்போது ‘உஸ்’ என்ற சீறல் கேட்டாலும் அப்படியே. சும்மா நிற்கும் வண்டியில் இந்த விரிசல் வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். அழுத்தம் ஏறும்போதுதான் திறக்கும். அதனால் வெறும் கண்ணால் பார்த்துவிட்டு நல்ல குழாய் என்று சொல்லிவிடக் கூடாது. காற்றுப் பாதைக்குள் புகை செலுத்திச் சோதிக்கும் கருவி பல பட்டறைகளில் உண்டு, அதைக் கேட்டுச் செய்யச் சொல்லலாம். மடைக்கதவை இயக்கும் சிறு குழாய்களையும் விட்டுவிட வேண்டாம். செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. ரப்பரைக் கடிக்க அதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. புகை வெளியேறும் பாதை கரியால் அடைபட்டிருந்தாலும் டர்போ சுழலாது. மூச்சை இழுப்பதுபோல் விடுவதும் முக்கியம் அல்லவா?

இவை எல்லாம் பார்த்தபின், கடைசியாக டர்போவின் பக்கம் வரலாம். இயந்திரத்தை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, காற்றுக் குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழல வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிது அசையலாம். அதற்கென்று எண்ணெய்க்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் சுவரில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆடவும் கூடாது. ஆடினால், உரசினால், டர்போவை மாற்றத்தான் வேண்டும்.

அப்போதும் பட்டறைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இது ஏன் கெட்டது, அண்ணே?’ அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்து சுழல்வது. எண்ணெயை மாற்றாமல் பல மாதம் ஓட்டினால், டர்போவுக்கு எண்ணெய் கொண்டு போகும் மெல்லிய குழாயில் கரி கட்டிக்கொள்ளும். எண்ணெய் கிடைக்காத தண்டு விரைவில் தேய்ந்துவிடும். அந்தக் குழாயைச் சுத்தம் செய்யாமலோ மாற்றாமலோ புதிய டர்போவைப் பூட்டினால், அதுவும் பழையது போன வழியே போய்ச் சேரும். கழற்றிய பழைய டர்போவையும் அந்த எண்ணெய்க் குழாயையும் காட்டச் சொல்லி, கையில் வாங்கிப் பாருங்கள். குழாயின் ஒரு முனையில் ஊதினால் மறு முனையில் காற்று வர வேண்டும்.